இந்தியன்னு சொல்லாதீங்க, இந்தியாவுல இருந்து வர்றேன்னு சொல்லுங்க

மெக்சிகோவுக்கு ஆன்சைட் போறேன்னு சொன்னா நம்ம ஊர்ல மூணே மூணு கேள்விதான் வரும். "அங்கெல்லாம் பத்திரமா இருக்குமாப்பா?", "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?", "அப்படியே அமெரிக்கா போயிடலாம்ல?" மூணுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிட்டு குவாதலஹாராவுல வந்து இறங்கினா, இங்கே நாலாவதா ஒரு கேள்வி காத்துக்கிட்டு இருக்கும். டாக்சிக்காரர், வீட்டு ஓனரம்மா, டாக்கோ கடைக்காரர்னு எல்லாரும் கேக்குறது அதே கேள்விதான். "நீங்க இந்தூவா?"

ஸ்பானிஷ்ல 'ஹ' எழுதுவாங்க, வாயில வராது. அதனால ஹிந்து இங்கே இந்தூ. நம்ம ஆளுங்களுக்கு உடனே சுர்ருன்னு ஏறும். டாக்சியில ஏறி அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள மதத்தைக் கேக்குறாரேன்னு. திருநெல்வேலிக்கார நண்பர் ஒருத்தர், முஸ்லிம். வந்த முதல் ஒரு மாசம் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பொறுமையா விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தார். "நோ இந்தூ.. முசுல்மான்.. இந்தியா..". கேட்டவங்க கொஞ்சம் யோசிச்சு, "ஓ, இந்தூ முசுல்மான்!"னு சந்தோஷமா முடிச்சுக்குவாங்க. நம்ம ஊர்ல இதைச் சொன்னா ரெண்டு தரப்பும் சண்டைக்கு வரும். இங்கே அது இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம்!

மேட்டர் இதுதான். மெக்சிகோவுல இந்தூன்னா பெரும்பாலும் மதம் இல்லை, தேசம். இந்தியாக்காரர்னு அர்த்தம். ஸ்பானிஷ் மொழி அகாதமியோட அகராதியிலயே இந்த அர்த்தம் ஏறியாச்சு. ஆகவே யாராவது கேட்டா கோபப்படாம தலையை ஆட்டுங்க. நீங்க கிறிஸ்தவரோ, முஸ்லிமோ, பகுத்தறிவுச் சிங்கமோ, இங்கே நீங்க இந்தூதான்.

"இது என்னங்க வம்பு.. இந்தியாக்காரனுக்கு ஸ்பானிஷ்ல நேரா 'இந்தியோ'ன்னு ஒரு சொல் இருக்கே, அதைச் சொல்லிட்டுப் போகலாமே?"ன்னு கேப்பீங்க. அகராதிப்படி சரிதான். ஆனா புதுசா வந்த நம்ம பையன் ஒருத்தன் ஆபீஸ் பார்ட்டியில நெஞ்சை நிமிர்த்தி "யோ சோய் இந்தியோ"ன்னு சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? ஒரு செகண்ட் எல்லாரும் அமைதியாயிடுவாங்க. ரெண்டு பேர் சிரிப்பை அடக்குவாங்க. நல்ல மனுஷர் ஒருத்தர் மட்டும் பக்கத்துல வந்து, "அப்படிச் சொல்லாதே தம்பி"ங்கிற மாதிரி தோளைத் தட்டுவார்.

ஏன்னா இந்தியோங்கிறது இங்கே வசவு. "இந்தியோ மாதிரி நடந்துக்காதே"ன்னா பட்டிக்காட்டான் மாதிரி, அறிவு கெட்டவன் மாதிரி நடந்துக்காதேன்னு அர்த்தம். உலகத்துல எத்தனையோ நாடு இருக்கு. நம்ம நாட்டோட பேரே கெட்ட வார்த்தையா இருக்கிற ஊர்ல போய் நாம பொட்டி தட்டிக்கிட்டு இருக்கோம். இது எப்படி ஆச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

ஒரு மாலுமியோட தப்புக் கணக்கு

முதல் பாதி எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1492 அக்டோபர் 12, கொலம்பஸ் பஹாமாஸ் தீவு ஒண்ணுல கரையேறுறார். அவர் கிளம்பினது நம்ம பக்கம் வர்றதுக்கு. பூமியோட சுற்றளவை ரொம்பக் கம்மியா கணக்குப் போட்டதால, வந்து சேர்ந்துட்டோம்னு நினைச்சுக்கிட்டார். அங்க இருந்த ஜனங்களை 'இந்தியோஸ்'னு எழுதினார். நாலு தடவை கடல் தாண்டியும் அந்த எண்ணம் அவருக்கு மாறலை.

தப்புன்னு தெரிஞ்ச பிறகும் ஸ்பெயின் அந்தப் பேரை மாத்தலை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லா இடத்துக்கும் 'இந்தியாக்கள்'னு பன்மையில பேர் வெச்சுது. அதை நிர்வாகம் பண்ண 1524ல ஒரு கவுன்சில் போட்டபோது அதுக்குப் பேரும் 'இந்தியாக்களின் கவுன்சில்'தான். நம்ம மென்பொருள் பாஷையில சொன்னா, தப்பான வேரியபிள் பேரோட புரொடக்‌ஷனுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் யார் மாத்துவா?

இப்போ மெக்சிகோன்னு சொல்ற இடத்துல அன்னைக்கு 'இந்தியோ'ன்னு யாருமே கிடையாது. தெனோச்தித்லான் நகரத்தை ஆண்டவங்க மெஷிகா. பின்னால வரலாற்றுப் புத்தகங்கள் அஸ்டெக்னு சொன்னது இவங்களைத்தான். அவங்களுக்கு ஜென்ம விரோதி த்லாஷ்கலா. மேற்கே புரேபெச்சா, தெற்கே சபோடெக், மிக்ஸ்டெக், கிழக்கே மாயா. பாஷை வேற, சாமி வேற, ஒருத்தருக்கொருத்தர் சண்டை. 1519ல கோர்தெஸ் வந்து இறங்கினதும் த்லாஷ்கலா படை அவர் பக்கம் சேர்ந்துதான் மெஷிகாவை அடிச்சது. 1521 ஆகஸ்ட் 13ந்தேதி நகரம் விழுந்தது. அம்மையும் மத்த கொள்ளை நோயும் சேர்ந்து அடுத்த நூறு வருஷத்துல ஜனங்கள்ல பெரும்பகுதியைக் கொண்டு போயிடுச்சு.

ஜெயிச்சவங்களோட நின்னவங்க, எதிர்த்து நின்னவங்க எல்லாரும் ஒரே கணக்குல வந்தாங்க. எல்லாருக்கும் ஒரே பேர், இந்தியோ. இந்தச் சொல் முதல்ல செஞ்ச வேலை இதுதான். நூறு பேரை அழிச்சு ஒரு பேரை வெச்சது.

அப்போ அது வசவு இல்லை, ஒரு சட்டப் பிரிவு. ஸ்பெயின் அரசு குடிமக்களை ரெண்டு 'குடியரசா' பிரிச்சது. ஸ்பானியர் ஒண்ணு, இந்தியோ ஒண்ணு. இந்தியோன்னு பதிவானா வருஷா வருஷம் தலைவரி கட்டணும். முறை வெச்சு வேலைக்கு ஆள் அனுப்பணும். அனுமதி இல்லாம குதிரை ஏறக் கூடாது, வாள் வைக்கக் கூடாது. அதே சமயம் சில பாதுகாப்பும் இருந்தது. ஊருக்குப் பொது நிலம், சொந்த ஊர்ச்சபை, 1592ல இருந்து தனி கோர்ட். முக்கியமா 1542ல வந்த புதிய சட்டங்களின்படி இந்தியோவை அடிமையாக்கக் கூடாது. காகிதத்துல இருந்தது எல்லாம் நடந்துடலைன்னு தனியா சொல்ல வேண்டியதில்லை. ஆனா அந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையில நம்ம ஊர் உள்ளே வர்றது அங்கேதான்.

நம்ம கரையில இருந்து போனவங்க

1565ல இருந்து 1815 வரைக்கும், ரெண்டரை நூற்றாண்டு, மணிலாவுக்கும் மெக்சிகோவோட அகாபுல்கோ துறைமுகத்துக்கும் நடுவுல ஸ்பானியக் கப்பல் ஓடிச்சு. இங்கேருந்து வெள்ளி போகும், அங்கேருந்து பட்டு, பீங்கான், மசாலா வரும். கூடவே மனுஷங்களும் வந்தாங்க, அடிமைகளா. கோவா, கொச்சி, மலாக்கா பக்கம் இருந்த போர்ச்சுகீசிய வியாபாரிங்க வங்காளம், மலபார், சோழமண்டலக் கரைன்னு பல இடத்துல பிடிச்ச ஆளுங்களை மணிலாவுல வித்தாங்க. அங்கேருந்து பசிபிக் தாண்டி அகாபுல்கோ.

சோழமண்டலக் கரைன்னா நம்ம கடற்கரைங்க! 1600கள்லயே நம்ம பக்கத்து ஆளுங்க மெக்சிகோவுக்கு 'ஆன்சைட்' வந்திருக்காங்க. ரிட்டர்ன் டிக்கெட் மட்டும் கிடையாது.

அவங்களுக்கு இங்கே வெச்ச பேர் இன்னொரு கொடுமை. ஆசியாவுல இருந்து வந்த அத்தனை பேரும் 'சீனோ', அதாவது சீனர். பிலிப்பைன்ஸ்காரர் சீனர், மலாய்க்காரர் சீனர், மலபார்க்காரரும் சீனர். கூத்தைப் பாருங்க, நிஜமாவே இந்தியாவுல இருந்து வந்தவர் 'சீனர்', இந்தியாவையே பார்க்காதவர் 'இந்தியர்'!

இவங்கள்ல வரலாற்றுல பேர் நின்னவங்க கத்தரீனா தே சான் ஹுவான். முகலாய இந்தியாவுல பிறந்து, சின்ன வயசுல கடல் கொள்ளைக்காரங்ககிட்ட மாட்டி, கொச்சி, மணிலா வழியா வந்து, மெக்சிகோவுல புவெப்லா நகரத்துல ஒரு வீட்டுக்கு விற்கப்பட்டவங்க. கடைசியில ஊரே கும்பிடுற பக்தையாகி 1688ல இறந்தாங்க. ஏசு சபைப் பாதிரியார் அலோன்சோ ராமோஸ் இவங்களைப் பத்தி மூணு பாகத்துல வாழ்க்கை வரலாறு எழுதினார். மத விசாரணை மன்றம் அதைத் தடை பண்ணிடுச்சு. மெக்சிகோவோட தேசிய உடை மாதிரி சுற்றுலாக் கடையில தொங்குற 'சீனா போப்லானா' பாவாடையை இவங்கதான் கொண்டு வந்தாங்கன்னு சொல்வாங்க. அது 19ம் நூற்றாண்டுல ஒட்ட வெச்ச கதை. உடையும் வேற, அந்தம்மாவும் வேற.

சரி, இந்த 'சீனர்' அடிமைகளுக்கு விடுதலை எப்படிக் கிடைச்சது? இங்கேதான் அந்த 1542 சட்டம் வருது. இந்தியோவை அடிமையா வெக்கக் கூடாதுல்ல? நாங்களும் ராஜாவோட கீழ்த்திசைக் குடிகள், இந்தியோ வகைதான்னு கோர்ட்ல வாதாடியே சில பேர் வெளியில வந்தாங்க. கடைசியா 1672ல, சின்ன வயசு மன்னருக்குப் பதிலா ஆட்சி பண்ணிக்கிட்டிருந்த ராணி மரியானா காலத்துல, மெக்சிகோவுல இருந்த ஆசிய அடிமைகள் எல்லாரையும் விடுவிக்க உத்தரவு வந்தது. சட்டத்தின் கண்ணுல அவங்க இந்தியோவா ஆனாங்க, அதனால சுதந்திரக் குடிகள் ஆனாங்க.

இதைப் படிச்சப்போ நிஜமாவே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். எந்தச் சொல்லைச் சொல்லாதேன்னு இன்னிக்கு நாம புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறோமோ, அந்தச் சொல்தான் ஒரு காலத்துல நம்ம கரையில இருந்து வந்தவங்களோட விலங்கை உடைச்சிருக்கு.

சட்டம் அழிச்சது, வாய் அழிக்கலை

18ம் நூற்றாண்டுல மெக்சிகோவுல ஒரு வகை ஓவியம் பிரபலம். ஸ்பானியரும் இந்தியோ பெண்ணும் சேர்ந்தா மெஸ்தீசோ, மெஸ்தீசோ பெண்ணும் ஸ்பானியரும் சேர்ந்தா காஸ்தீசோன்னு கட்டம் கட்டமா அப்பா, அம்மா, பிள்ளை வரைஞ்சு பேர் எழுதி வெப்பாங்க. தெபோட்சோத்லான் அருங்காட்சியகத்துல 16 கட்டத்தோட ஒரு படம் இருக்கு. அந்தப் பிரிவுகளுக்குப் பொதுப் பேர் 'காஸ்தா'. போர்ச்சுகீசியர் நம்ம ஊர் ஜாதிக்கு வெச்ச பேரும் அதேதான், இங்கிலீஷ்ல அது 'காஸ்ட்' ஆச்சு. அந்தப் படத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பார்த்த உடனே புரியும்.

1810 செப்டம்பர் 16ந்தேதி பாதிரியார் மிகேல் இதால்கோ சுதந்திரப் போரை ஆரம்பிச்சார். (மே 5ந்தேதி சுதந்திர தினம் இல்லைங்க! அது 1862ல புவெப்லாவுல பிரெஞ்சுப் படையை அடிச்ச நாள். அன்னைக்குப் போய் ஹேப்பி இண்டிபெண்டன்ஸ் டேன்னு மெயில் அனுப்பாதீங்க.) அதே வருஷம் டிசம்பர் 6ந்தேதி, நாங்க குப்பை கொட்டுற இதே குவாதலஹாராவுல, அடிமை முறை ஒழிஞ்சது, தலைவரி ஒழிஞ்சதுன்னு அவர் உத்தரவு போட்டார். நகரத்து நடுவுல சங்கிலியை உடைக்கிற மாதிரி அவருக்குச் சிலை இருக்கு. பக்கத்துல அரசு மாளிகை மாடிப்படியில ஓரோஸ்கோ 1937ல வரைஞ்ச ராட்சச இதால்கோ கையில தீப்பந்தத்தோட நிப்பார். குவாதலஹாரா வர்றவங்க ஷாப்பிங் மால் போறதுக்கு முன்னாடி அங்கே ஒரு நடை போயிட்டு வாங்க.

அவரோட சகா மோரேலோஸ் இன்னும் ஒரு படி மேலே. 1810 நவம்பர்லயே, இனி யாரையும் இந்தியோ, முலாத்தோன்னு பிரிச்சுக் கூப்பிடக் கூடாது, ஐரோப்பியர் தவிர எல்லாருக்கும் ஒரே பேர், 'அமெரிக்கானோ'ன்னு அறிவிச்சார். இப்போ புரியுதா, நீங்க மீட்டிங்ல ஐக்கிய நாட்டை மட்டும் "அமெரிக்கா, அமெரிக்கா"ன்னு சொல்லும்போது சில பேர் முகம் ஏன் ஒரு மாதிரி ஆகுதுன்னு? அவங்களும் அமெரிக்கர்கள்தான். அந்தப் பேருக்காகச் சண்டை போட்டவங்க. 'எஸ்தாதோஸ் ஊனிதோஸ்'னு சொல்லிப் பழகிடுங்க.

1821ல சுதந்திரம். அடுத்த வருஷமே, அரசுக் காகிதத்துல குடிமக்களைப் பிறப்பை வெச்சுப் பிரிச்சு எழுதக் கூடாதுன்னு உத்தரவு. சட்டத்துல இருந்து இந்தியோ காணாமப் போனார். ஆனா தலைவரியோட சேர்ந்து பாதுகாப்பும் போச்சு. 1856ல வந்த லெர்தோ சட்டம் சர்ச் நிலத்தை மட்டும் இல்லாம, ஊர்ப் பொது நிலத்தையும் பிரிச்சு விக்கச் சொன்னது. நூத்துக்கணக்கான வருஷமா காப்பாத்தி வெச்ச நிலம் பண்ணையார்கள் கைக்குப் போச்சு. அந்தக் காலத்தோட பெரிய தலைவர் பெனீத்தோ ஹுவாரெஸ் ஒரு சபோடெக். ஓஹாகா மலைக் கிராமத்துல பிறந்து, பத்துப் பன்னிரண்டு வயசு வரைக்கும் ஸ்பானிஷே சரியாத் தெரியாம வளர்ந்து, 1858ல இருந்து 1872ல சாகிற வரைக்கும் ஜனாதிபதியா இருந்தவர். அவர் பிறந்த நாளுக்கு இன்னிக்கும் தேசிய விடுமுறை. அவரைத் தலையில வெச்சுக் கொண்டாடின அதே தேசம், சில வருஷம் கழிச்சு போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சியில, யாக்கி மக்களைக் கூட்டம் கூட்டமா சொந்த மண்ணுல இருந்து பிடிச்சு யுகாத்தான் தோட்டங்களுக்குக் கொத்தடிமையா அனுப்பினது.

1910ல ஆரம்பிச்ச புரட்சிக்குப் பிறகு புதுப் பாட்டு வந்தது. நாம எல்லாரும் கலப்பு, நாம எல்லாரும் மெஸ்தீசோ. வாஸ்கோன்செலோஸ் 1925ல இதை வெச்சு ஒரு புத்தகமே எழுதினார். கேக்க நல்லா இருக்கு. ஆனா அதுக்குள்ள ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. இந்தியோ தன் பாஷையை விட்டுட்டு வந்தாதான் 'நாம'ல சேர்த்தி. பள்ளிக்கூடத்துல தாய்மொழி பேசின பிள்ளைகளை அடிச்ச தலைமுறை இன்னும் உயிரோட இருக்கு.

மெக்சிகோ சிட்டியில 1964ல திறந்த தேசிய மானுடவியல் அருங்காட்சியகம் போனா இதைக் கண்ணால பார்க்கலாம். கீழ்த்தளத்துல மாயா, மெஷிகா, பிரம்மாண்டமான சூரியக் கல். கூட்டம் அம்மும். மாடியில இன்னிக்கு வாழுற அதே ஜனங்களைப் பத்தின கூடங்கள். கீழேயே கால் வலிச்சுப் போய் முக்கால்வாசிப் பேர் மாடி ஏறமாட்டாங்க. செத்துப்போன இந்தியோ பெருமை, உயிரோட இருக்கிற இந்தியோ தொந்தரவு. இதைவிடத் தெளிவா யாரும் கட்டடம் கட்ட முடியாது.

1994 ஜனவரி 1, அமெரிக்காவோட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே நாள், சியாபாஸ்ல ஜபதிஸ்தாக்கள் துப்பாக்கியோட இறங்கினாங்க. அதுக்கு அப்புறம்தான் நாடு மாடிப்பக்கம் திரும்பிப் பார்த்தது. 2001ல அரசியல் சட்டம் 2வது பிரிவு மாறினது. 2003ல மொழிச் சட்டம் வந்தது. நாவாட்டில், மாயா, சபோடெக் எல்லாம் ஸ்பானிஷ் மாதிரியே தேசிய மொழிகள்னு ஆச்சு. மொத்தம் 68 மொழிகள். 2020 சென்சஸ்படி 73 லட்சத்துக்கு மேல பேசுறவங்க இருக்காங்க. அதே 2020 அக்டோபர்ல தலைநகரத்தோட பெரிய சாலையில இருந்த கொலம்பஸ் சிலையைக் கழட்டினாங்க. 2025ல மிக்ஸ்டெக் வக்கீல் ஊகோ அகிலார் உச்ச நீதிமன்றத் தலைவரானார்.

அப்போ எல்லாம் சரியாயிடுச்சான்னா.. 2018ல வந்த 'ரோமா' படத்துல வீட்டு வேலைக்காரப் பெண்ணா நடிச்ச யலீட்சா அபரீசியோ ஆஸ்கருக்குப் போனாங்க. ஓஹாகாவைச் சேர்ந்த பெண். 2019ல அவங்களைப் பத்தி ஒரு தொலைக்காட்சி நடிகர் நண்பர்களோட பேசுற வீடியோ வெளியே வந்தது. அவர் திட்டினது இதே வார்த்தையை வெச்சுதான். சட்டத்துல இருந்து அழிச்சு கிட்டத்தட்ட ரெண்டு நூற்றாண்டு, வாயில இருந்து இன்னும் போகலை.

சரி, புதுசா வர்றவங்க என்ன செய்யணும்?

வார்த்தையை மாத்துறது ஈசி. "சோய் தே லா இந்தியா", நான் இந்தியாவுல இருந்து வர்றேன். எங்கேயும் பிரச்சினை இல்லாத வாக்கியம். இங்கத்துப் பூர்வகுடிகளைக் குறிப்பிடணும்னா 'இந்திஹெனா'. அதைவிட நல்லது அவங்க பேரையே சொல்றது. நம்ம ஹலிஸ்கோ மாநிலத்து மலையில இருக்கிறவங்களை எல்லாரும் உயிச்சோல்ம்பாங்க. அவங்க தங்களைச் சொல்லிக்கிறது விஷாரிகா. த்லாகெபாக்கே கடைகள்ல பார்க்கிற அந்த மணி வேலைப்பாடு அவங்களோடது. ஒவ்வொரு மணியா மெழுகுல ஒட்டின பொருளை ரங்கநாதன் தெருவுல பேரம் பேசுற மாதிரி பாதி விலைக்குக் கேக்காதீங்க. சியாபாஸ் பக்கம் டூர் போனா, சான் ஹுவான் சமூலா சர்ச்சுக்குள்ள கேமராவை எடுக்கவே கூடாது. அது அவங்க கும்பிடுற இடம்.

அடுத்தது, நாவாட்டிலையோ மாயாவையோ 'வட்டார வழக்கு'ன்னு சொல்லாதீங்க. மெக்சிகோக்காரங்களே நிறைய பேர் 'தியாலெக்தோ'ன்னு சொல்வாங்க, நாம சேர்ந்து சொல்ல வேண்டாம். தமிழைப் போய் ஏதோ ஒண்ணோட டயலெக்ட்னு வடக்கே யாராவது சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? இன்னொண்ணு தெரியுமா, நாம எல்லாருமே கொஞ்சம் நாவாட்டில் பேசுறவங்கதான். சாக்லேட் அங்கேருந்து வந்த சொல். நம்ம பாட்டி தோட்டத்துல இருந்த சப்போட்டாவும் அங்கேருந்து வந்ததுதான். 'ட்சபோத்ல்'ங்கிற நாவாட்டில் சொல் ஸ்பானிஷ்ல சபோத்தே ஆகி, கடல் தாண்டி நம்ம ஊர்ல சப்போட்டா ஆயிடுச்சு.

வீட்டு வேலைக்கு வர்ற அம்மாகிட்ட 'தூ' போட்டுப் பேசாதீங்க, 'உஸ்தெத்'னு பேசுங்க. நீ, நீங்க வித்தியாசம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம்ம ஊர் பழக்கத்துல அவங்களுக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர் வெக்கிறதும் வேண்டாம். அவங்களுக்கு அது புதுசு இல்லை, அதுதான் பிரச்சினையே.

இதெல்லாம் லிஸ்ட் போட்டுப் பழகிடலாம். லிஸ்ட்ல வராத ஒண்ணு இருக்கு. அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன்.

வந்து ஆறு மாசத்துல நம்ம பசங்களுக்கு விஷயம் புரிஞ்சிடும். இந்தியோன்னா கேவலம், இந்தூன்னா மரியாதை. அப்புறம் யாராவது தெரியாம "இந்தியோவா?"ன்னு கேட்டா, பதறியடிச்சுக்கிட்டு, "நோ நோ, இந்தியோ இல்லை, இந்தூ, இந்தூ!"ன்னு கையை ஆட்டுவாங்க. சொல் சரிதான். ஆனா அந்தப் பதற்றத்தைக் கவனிங்க. "நான் அந்த ஆளு இல்லைங்க"ங்கிற பதற்றம் அது. பக்கத்துல மேசை துடைச்சுக்கிட்டு இருக்கிறவர் ஓஹாகாக்காரரா இருக்கலாம். அவருக்கும் நமக்கும் நிறம் ஒண்ணுதான். வித்தியாசம், நம்ம கழுத்துல ஒரு ஐடி கார்டு தொங்குது. தோல் கறுக்கக் கறுக்கப் படிப்பு குறையுதுன்னு மெக்சிகோ அரசோட புள்ளியியல் நிறுவனமே 2017ல கணக்குக் காட்டிச்சு. அந்த வரிசையில நம்மளைத் தப்பிக்க வைக்கிறது பாஸ்போர்ட்டு.

இங்கத்துப் பத்திரிகையில அடிக்கடி கண்ணுல படுற சொல் 'பாரியா'. எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன்னு அர்த்தம். உலக நாடுகள் ஒதுக்கி வெச்ச நாடுன்னா 'பாரியா நாடு'. எழுதுறவங்க யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. அகராதியைப் புரட்டினா வேர்ச்சொல் தமிழ்னு போட்டிருக்கும். பறையடிக்கிற ஒரு சமூகத்தோட பேரு. கொச்சியில ஆள் பிடிச்சு வித்த அதே போர்ச்சுகீசியர் வாய் வழியா ஐரோப்பா போய், இங்கிலீஷ்ல, ஸ்பானிஷ்ல, இந்த ஊர் தலையங்கம் வரைக்கும் வந்து உக்காந்திருக்கு. அவங்க பேரை நாம வசவாச் சொல்லிக்கிட்டு இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அதனால மெக்சிகோ வர்ற மக்களே, இந்தியோன்னு சொல்லாதீங்க. ஆனா யாராவது அப்படிக் கூப்பிட்டுட்டா பதறாதீங்க. சிரிச்சுட்டு, "ஆமாங்க, கொலம்பஸ் தேடி வந்த ஊர் எங்களோடதுதான். வழி தவறி உங்க வீட்டுக்கு வந்துட்டார், மன்னிச்சுக்கோங்க"ன்னு சொல்லிப் பாருங்க. மேசை துடைக்கிறவரும் சேர்ந்து சிரிப்பார்.